3.7 லீற்றர் ஒயிலுக்கு 31,034 ரூபாய்

எனது கார் 2004 ஆம் ஆண்டில் உற்பத்தியான 1,500 சீ.சீ. ஜப்பானிய செடான். டிக்கோயாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்கும் ஹட்டன் நகருக்கும் இடையில் நாள்தோறும் ஏறி இறங்குவதே அதன் தொழில். கடந்த செப்டெம்பரில் அதைக் கண்டியிலுள்ள, கார் நிறுவனத்தின் முகவர் சேர்விஸ் நிலையத்தில் விட்டு எடுத்தபோது கையில் தந்த பற்றுச்சீட்டில் 31,034 ரூபாய் என்றிருந்தது. ஐந்து மாதம் கழித்து, பெப்ரவரியில், அதே ஒயிலையும் பில்டரையும் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கத் தொழிலாளர் கூடும் திடலில்) மல்லாந்து படுத்து நானே மாற்றினேன்; செலவு 15,600 ரூபாய். இடையிலுள்ள 15,434 ரூபாய் எதற்குப் போனது என்று பற்றுச்சீட்டை வரிவரியாக வைத்துப் பார்த்ததன் விளைவே இந்த மதிப்புரை. நிறுவனத்தின் பெயரையும் காரின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. ஒரு கிளையில் ஒரு நாள் நடந்த வேலையைப் பற்றித்தான் நான் பேச முடியும்.

பற்றுச்சீட்டைப் பார்ப்போம். 5டபிள்யூ-30 ஒயில் 4 லீற்றர், 15,200 ரூபாய். பில்டர் 2,900. சம்ப் போல்ட்டுக்கான (எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தொட்டியை வடிக்கக் கழற்றும் போல்ட்) வொஷர் 350. கூலி 4,500. ‘நுகர் பொருட்கள்’ என்ற பெயரில் 850; அது என்னவென்று கேட்டபோது துணி, கையுறை, துப்புரவுத் திரவம் என்றார்கள். கழுவுவதற்கு 2,500. கூட்டினால் 26,300. அதன்மேல் 18 வீத வற் வரி 4,734 ரூபாய். 2024 ஜனவரி முதலாம் திகதி 15 வீதத்திலிருந்து 18 ஆக உயர்ந்த அந்த வரியை முகவர்மீது சுமத்துவது நியாயமில்லை. கழுவியதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது சரியல்ல, ஏனெனில் பெரட்டுக்களத்தில் நான் காரைக் கழுவவில்லை. கழுவிய கூலி 2,500 ரூபாயையும் அதற்கான வற் வரியையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் 12,484 ரூபாயாகக் குறைகிறது. ஆனால் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போய்வர ஏறக்குறைய 130 கிலோமீற்றர். மலைப் பாதையில் 11 லீற்றர் பெற்றோலுக்குக் குறையாது. அப்போதைய விலையில் லீற்றர் சுமார் 300 ரூபாய் என்று வைத்தாலும் 3,300 ரூபாய். பாடசாலையிலிருந்து எடுத்த ஒரு நாள் விடுமுறைக்கு நான் விலை போடவில்லை.

பற்றுச்சீட்டில் என்னை உறுத்தியது கூலி அல்ல, முதலில் இருந்த ஒயில் கணக்குத்தான். எனது எஞ்சினுக்கு, பில்டரையும் சேர்த்து மாற்றினால், கையேட்டின்படி 3.7 லீற்றர் ஒயில் போதும். நான்கு லீற்றருக்குப் பணம் எடுக்கிறார்கள். மிச்சம் 300 மில்லிலீற்றர் எங்கே என்று கேட்டபோது, ஒயில் பெரிய பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றப்படுவதாகவும் கணினியில் முழு லீற்றராக மட்டுமே பதிய முடியும் என்றும் பணிவாகச் சொன்னார்கள். லீற்றர் 3,800 ரூபாய் என்ற கணக்கில் அந்த 300 மில்லிலீற்றரின் விலை 1,140 ரூபாய், வரியோடு 1,345. வீட்டில் மாற்றும்போது அதே மிச்சம் கலனிலேயே இருக்கிறது, இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒயில் சற்றுக் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். பழைய எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

அந்த நிலையத்தின் நல்ல பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். காரை லிஃப்டில் தூக்கி வைத்திருந்தபோது என்னைக் கீழே அழைத்துச் சென்று, வலதுபக்க ஸ்டியரிங் ரெக்கின் ரப்பர் உறை ஓரிடத்தில் பிளந்திருப்பதைக் கைவிளக்கு அடித்துக் காட்டினார் அங்கிருந்த இளைஞர். உள்ளே சேறு போயிருந்தால் முழு ரெக்கையும் மாற்றவேண்டி வந்திருக்கும். முன் பிரேக் பேட்டின் தடிப்பை அளந்து எழுதித் தந்தார். டயரின் உட்பக்கத் தேய்மானத்தையும் குறித்துத் தந்தார். தரையில் முதுகைப் போட்டு, 40 சென்றிமீற்றர் இடைவெளியில் தலையைத் திருப்பவே சிரமப்படும் நான் அந்த வெடிப்பைக் கண்டிருக்க மாட்டேன். கினிகத்தேனை இறக்கத்தில் இறங்குபவனுக்கு அந்த ஐந்து நிமிடப் பார்வை ஒயிலைவிடப் பெறுமதியானது. காத்திருப்போர் அறை சுத்தமாக இருந்தது, சொன்ன நேரத்துக்குக் காரையும் தந்தார்கள். தேநீர் மட்டும் வெந்நீரில் நூல்கட்டிய பை. தேயிலைத் தூளின் தராதரம் பார்த்தே வளர்ந்தவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போகலாம்.

குறை வேறோர் இடத்தில் இருந்தது, அது எனக்கு ஐந்து மாதம் கழித்தே தெரிந்தது. சம்ப் போல்ட்டைக் கழற்றப் போனால், 14 இலக்க ரிங் ஸ்பெனர் அசைந்து கொடுக்கவில்லை. அந்தப் போல்ட்டுக்குக் கையேடு சொல்லும் இறுக்கம் சுமார் 38 நியூட்டன் மீற்றர். அதாவது 25 சென்றிமீற்றர் நீளமான ஸ்பெனரின் நுனியில் பதினைந்தரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு விசையோ, அவ்வளவே. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஒரு கையால் இழுத்துக் கழற்ற வேண்டியதை, ஸ்பெனரில் இரண்டடிக் குழாயைச் சொருகி இருவர் சேர்ந்து இழுத்துக் கழற்றினோம். போல்ட்டின் மூலைகள் இரண்டு மழுங்கிவிட்டன. காற்றழுத்தக் கருவியால் இறுக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதைவிடக் கோபம் தந்தது வொஷர். 350 ரூபாய் கொடுத்த புதிய வொஷர் இருக்க வேண்டிய இடத்தில், நசுங்கித் தட்டையாகி விளிம்பு கறுத்துப்போன பழையதொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இடையில் யாரும் அந்தப் போல்ட்டைத் தொடவில்லை. போல்ட்டின் மரை தப்பியது அதிர்ஷ்டம். சம்ப்பின் மரை போயிருந்தால் ஒயில் மாற்றுவதோடு கதை முடிந்திருக்காது.

இவ்வளவு யோசிப்பது ஏன் என்றால், மலைநாட்டில் ஒயிலை மற்றவர்களைவிட அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. சேர்விஸ் அட்டையில் எழுதும் 5,000 கிலோமீற்றர் என்ற கணக்கு தூரத்தைப் பார்க்கிறது; ஒயிலோ எஞ்சின் ஓடிய மணித்தியாலத்தைப் பார்க்கிறது. தெற்கு அதிவேக வீதியில் சராசரியாக 80 இல் ஓடும் கார் 5,000 கிலோமீற்றரை அறுபத்திரண்டரை மணித்தியாலத்தில் முடித்துவிடும். டிக்கோயாவில் பஸ்ஸுக்குப் பின்னால், தோட்டப் பாதையின் கல்மேட்டில், சராசரியாக 20 இல் ஊர்ந்து செல்லும் என் காருக்கு அதே தூரத்துக்கு 250 மணித்தியாலம் வேண்டும். நான்கு மடங்கு. அதிலும் பெரும்பகுதி முதலாம், இரண்டாம் கியரில், எஞ்சின் அலறிக்கொண்டிருக்கும் நேரம்; இறக்கத்தில் பிரேக்கைக் காப்பாற்றக் கியரில் பிடித்து இறங்குவதும் எஞ்சினுக்கு ஓய்வு அல்ல. ஆகவே 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை போதும் என்று கலனில் அச்சிட்டிருப்பதைச் சமவெளிக்காரர்களுக்கு விட்டுவிட்டு, நாங்கள் 5,000 ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது. வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வரும் வேலைக்கு ஒவ்வொரு முறையும் 31,000 ரூபாய் என்றால், ஆசிரியர் சம்பளத்தில் ஒயிலைத் தள்ளிப்போடத்தான் தோன்றும். முகவர் விலையின் உண்மையான கேடு இதுதான் என்று நினைக்கிறேன்: அது பணத்தை எடுப்பதோடு நிற்பதில்லை, ஒயில் மாற்ற வேண்டிய நாளையும் ஒத்திப்போட வைக்கிறது.

குளிரும் ஒரு காரணம். டிசம்பர், ஜனவரி விடியல்களில் இங்கே வெப்பநிலை 15 பாகைக்குக் கீழே போய்விடுகிறது. பாடசாலைக்கு ஆறு கிலோமீற்றர் ஓடி நிறுத்தினால் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். உள்ளே உண்டான நீராவி வெளியேறாமல் ஒயிலோடு கலந்து நிற்கும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் பாலேடு போன்ற வெளிர்மஞ்சள் நுரை படிந்திருப்பதைக் கண்டு, தண்ணீர் ஒயிலில் கலக்காமல் தடுக்கும் சிலிண்டர் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயந்த பலரை எனக்குத் தெரியும். ரேடியேட்டர் தண்ணீர் குறையாமலும், ஒயில் குச்சியில் உள்ள ஒயில் தெளிவாகவும் இருந்தால் பெரும்பாலும் அது மூடியில் படிந்த ஈரம்தான். வாரம் ஒரு முறையாவது காரை அரை மணித்தியாலம் நீளமாக ஓட்டினால் அது மறைந்துவிடும். இதைக் கேஸ்கட் வேலையாக்கிப் பெரிய தொகை கேட்ட கராஜ் ஒன்றும் உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை.

இனி நானே செய்ததைச் சொல்கிறேன். மலைநாட்டில் இந்த வேலைக்கு முதலில் தேடவேண்டியது ஸ்பெனரை அல்ல, சமதரையை. எங்கள் வீட்டு வாசல் சரிவு, லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) முன்பக்கம் சரிவு, கோயில் பாதையும் சரிவு. சரிவில் ஜக் போட்டுக் காருக்கு அடியில் போவது உயிரோடு விளையாடுவது. தோட்டத்தில் உருப்படியான சமதரை இரண்டே இரண்டு: ஒன்று தேயிலைத் தொழிற்சாலை முற்றம், மற்றது பெரட்டுக்களம். ஞாயிறு காலையில் பெரட்டு இல்லாததால், பெரிய கிளாக்கரிடம் சொல்லிவிட்டு அங்கே காரை நிறுத்தினேன். ஜக்கால் தூக்கி, இரண்டு இரும்புத் தாங்கிகளை வைத்து, பின் சில்லுகளுக்குக் கல் கொடுத்து, காரைத் தோளால் ஒரு முறை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போனேன். ஜக்கை மட்டும் நம்பி யாரும் போகக் கூடாது.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஒயில் இளகி, அடியில் தங்கிய கசடையும் இழுத்துக்கொண்டு வரும். முழுச் சூட்டில் கழற்றினால் கை வெந்துவிடும். எங்கள் தோட்டத்து லொறியை நெடுங்காலம் ஓட்டி ஓய்வுபெற்ற மாமா ஒருவர், உதவிக்கு என்று வந்து, பெரும்பாலும் விமர்சனம் செய்துகொண்டிருந்தார். போல்ட்டுக்கு நேர் கீழே நான் தாச்சியை வைத்ததைப் பார்த்து, “மாஸ்டர், எண்ணெ மொதல்ல தூரமாப் பாயும், அப்புறந்தான் கிட்ட வரும். ரெண்டுக்கும் நடுவுல வைங்க” என்றார். நான் கேட்கவில்லை. போல்ட் கழன்ற கணத்தில் கறுத்த ஒயில் ஒரு சாண் அகலம் தள்ளிப் பாய்ந்து பெரட்டுக்களத்துச் சீமெந்தில் விழுந்தது. தாச்சியை நகர்த்துவதற்குள் கால் லீற்றர் போயிருக்கும். மரத்தூள் கொண்டுவந்து கொட்டி, தேய்த்து, அள்ளியெடுக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. மறுநாள் பெரட்டுக்கு வந்தவர்கள் அந்தக் கறையைச் சுற்றி நின்றார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பில்டரைப் பொறுத்தவரை ஒரே ஓர் எச்சரிக்கை போதும். பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதனோடு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வேளைகளில் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புதிய பில்டரைப் பூட்டினால் வளையத்தின்மேல் வளையமாகி, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அழுத்தம் தாங்காமல் பிதுங்கி, சில நிமிடத்தில் ஒயில் முழுவதும் பாதையில் கிடக்கும். புதிய வளையத்தில் விரலால் சிறிது புது ஒயில் தடவி, அது தொடும்வரை கையால் சுற்றி, பிறகு முக்கால் சுற்று இறுக்கினால் போதும். வொஷருக்கு 200 ரூபாய் கொடுத்தேன், இம்முறை அது உண்மையாகவே புதியது. முதலில் 3.4 லீற்றர் ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஒயில் குச்சியைப் பார்த்து மிச்சத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். இந்த அளவையும் சமதரையில்தான் எடுக்க வேண்டும்; சரிவில் நிறுத்தி எடுத்த அளவை நம்பி மேலதிகமாக ஊற்றியவர்களின் எஞ்சினில் ஒயில் நுரைத்துப்போகும்.

முதல் தடவைக்குக் கருவிச் செலவு உண்டு. இரும்புத் தாங்கி ஒரு சோடி, பில்டர் கழற்றும் கிண்ணம், இறுக்கத்தை அளந்து காட்டும் டொர்க் ரென்ச், தாச்சி என்று எல்லாமாக 21,000 ரூபாய் ஆனது. வித்தியாசம் 12,484 என்ற கடுமையான கணக்கிலேயே இரண்டாவது தடவையில் அது திரும்பிவிடும். டொர்க் ரென்ச் வேண்டாம் என்று மாமா சொன்னார்; வேறொருவர் இறுக்கிய போல்ட்டோடு அரை மணித்தியாலம் போராடிய எனக்கு அது வேண்டியிருந்தது.

ஒயிலை வாங்கும்போது கலனின் மூடி முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். 5டபிள்யூ-30 என்பதில் முதல் இலக்கம் குளிரில் ஒயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னால் வரும் 30 என்பது 100 பாகைச் சூட்டில் அதன் தடிப்பையும் குறிக்கிறது. மலை ஏற்றத்துக்குத் தடித்த ஒயில்தான் நல்லது என்று சொல்லி 20டபிள்யூ-50 ஐத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். கையேடு சொல்லாத ஒன்றை, அதுவும் குளிர்ந்த விடியலில் ஓடவிடும் எஞ்சினுக்கு, ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் ஏபிஐ எஸ்பி என்ற தரக்குறி 2020 இல் வந்தது. பழைய பெற்றோல் எஞ்சின்களுக்கும் அது பொருந்தும். கூடுதல் பணம் கொடுத்து அதற்கு மேல் எதையும் தேட வேண்டியதில்லை.

முகவர் நிலையத்தில் யோசிக்கவே தேவையில்லாத ஒரு விஷயம் வீட்டில் பெரிய தலைவலியாகிறது: கழிவொயில். எங்கள் பக்கத்தில் கொட்டியது எங்கும் தங்காது. தேயிலை மலையின் கான் வழியாக ஓடைக்கும், ஓடையிலிருந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும் போய்விடும். அந்த ஓடையிலிருந்துதான் கீழே இருக்கும் லயங்களுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். வேலிக் கம்பத்துக்குக் கறையான் வராமல் பூசுவது பழைய வழக்கம். முதல் மழைக்கு அதுவும் கானுக்குத்தான் வரும். நான் அதை வேறொரு கலனில் ஊற்றி மூடி, ஹட்டனில் கழிவொயில் பீப்பாய் வைத்திருக்கும் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்தேன். அவர்கள் அதைப் பீப்பாய்க் கணக்கில் விற்பதால் மறுக்கவில்லை. இதைச் செய்ய மனமில்லாதவர்கள் வீட்டில் ஒயில் மாற்றாமல் இருப்பதே மேல்.

அந்த நகரத்துச் சேர்விஸ் ஸ்டேஷனும் ஒரு வழிதான். ஒயிலையும் பில்டரையும் நாம் வாங்கிக் கொடுத்தால் சிறு கூலிக்கு மாற்றித் தருகிறார்கள், பக்கத்திலேயே நின்று பார்க்கலாம், சமதரையும் தேட வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை பெரட்டுக்களத்தில் படுக்க வானம் விடாது என்பதால், மழைக்காலத்து ஒயில் மாற்றத்தை அங்கேயே செய்துகொள்ள உத்தேசித்திருக்கிறேன். புதிய கார் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கிய பிறகு உத்தரவாதத்தோடு வாங்கியவர்கள், அந்தக் காலம் முடியும்வரை முகவரின் முத்திரை விழுந்த சேர்விஸ் புத்தகத்தை விட்டுவிடக் கூடாது. விற்கும்போதும் அந்தப் புத்தகத்துக்குத் தனி விலை உண்டு. இருபது வயதைக் கடந்த என் காரை வாங்க வருபவர் புத்தகத்தைக் கேட்க மாட்டார், பொனெட்டைத் திறந்து காதைத்தான் வைப்பார்.

ஒயில் இல்லாமல் பரிசோதனை மட்டும் செய்து தருவார்களா என்று கேட்கச் சென்ற மாதம் கண்டி நிலையத்துக்கு மறுபடியும் போனேன். செய்து தருவார்கள், கூலி அதே 4,500 ரூபாய், வரி புறம்பு. லிஃப்டில் தூக்கி, பிரேக்கையும் ரப்பர் உறைகளையும் பார்த்து எழுதித் தருவதற்கு அது நியாயமான விலை என்பதால் வருடத்துக்கு ஒரு முறை வருவதாகப் பதிந்துகொண்டேன். புறப்படும்போது சட்டைப் பையிலிருந்து, மூலை மழுங்கிய போல்ட்டையும் பழைய வொஷரையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். சேர்விஸ் ஆலோசகர் போல்ட்டை விரல்களுக்கு இடையில் இரண்டு முறை உருட்டிப் பார்த்தார். “இது எங்களுடைய வேலையாக இருக்காது, சேர்” என்றார். பிறகு கணினியைத் திருப்பி, புதிய போல்ட் கையிருப்பில் இருப்பதாகவும், விலை 950 ரூபாய் என்றும், வற் வரி தனி என்றும் சொன்னார்.